தட்டுக்கு விளிம்பு உண்டு, இலைக்கு இல்லை

ஆக்குபேஷனல் தெரபி, அதாவது நோயாளிகளுக்கு அன்றாட வேலைகளைத் திரும்பப் பழக்கும் சிகிச்சை. அந்தப் படிப்பின் கடைசி வருடம். புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் எனக்குப் பயிற்சி. அங்கே என் பொறுப்பில் விடப்பட்டவர், காட்டூரிலிருந்து பஸ் ஏறி வரும் ஓர் அம்மா. பக்கவாதத்தில் வலது கை விழுந்து, பாதி அசைவு மட்டும் திரும்பியிருந்தது. விரல்கள் உடனே மூடும், திறக்கத்தான் யோசிக்கும்.

முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார். “ஸ்ரீரங்கத்துல பொண்ணு கல்யாணம். சம்பந்தி வீட்டு ஆளுங்க பக்கத்துல உக்காந்து சோத்துக்கையால சாப்பிடணும். இல்லன்னா நான் பந்திக்கே வரமாட்டேன்.”

“பொண்ணு ஊட்டிவிட மாட்டாங்களாம்மா?”

“அவ மணவறையில உக்காருவாளா, எனக்கு ஊட்டுவாளா?”

இடது கையால் சாப்பிடுவதும் ஸ்பூன் கேட்பதும் அவருக்கு ஒரே அவமானம்தான். அதனால் களிமண் உருட்டுவதில் ஆரம்பித்து, பொரி, தயிர்சாதம் என்று பழக்கினேன். விளிம்பு உயர்ந்த தட்டு, அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பு. சோற்றை விளிம்பில் ஒதுக்கி அள்ளுவார். ஒருநாள் சாம்பார் சாதத்தைச் சிந்தாமல் முடித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சந்தோஷத்தோடு மன்னார்புரத்தில் ஒரு மெஸ்ஸுக்குச் சாப்பிடப் போனேன். இலை போட்டார்கள். ரசம் ஊற்றியதும் அது ஓடியது. கையை வைத்துத் தடுத்தபோதுதான் உறைத்தது. கல்யாணப் பந்தியில் எவர் தட்டு வைக்கப்போகிறார்கள்? இலையிலேயே சாப்பிட்டு வளர்ந்தவள், பாடப்புத்தகத்தைத் திறந்ததும் இலையையே மறந்திருக்கிறேன். என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

மறுநாள் ஒரு கட்டு இலையோடு போய் நின்றேன். அம்மாவின் முகம் வாடிவிட்டது.

“இத முன்னாடியே யோசிச்சிருக்கக் கூடாதா டாக்டரம்மா?”

“நான் டாக்டர் இல்லம்மா” என்றேன். ஓர் இலையை விரித்தேன்.

முதல் ரசம் அவர் புடவைக்குப் போனது. பிறகு மேஜையில் தண்ணீர் தெளித்து இலையை ஒட்டவைத்தோம். இடது கை இலை ஓரத்தைப் பிடித்துக்கொள்ள, சோற்றில் குழி பறித்து அதில் ரசம் வாங்கிப் பழகினார். கல்யாணம் வரைக்கும் இதே வேலைதான்.

எனக்கும் பத்திரிகை வைத்திருந்தார். பந்தியில் அவருக்கு எதிர்வரிசையில் உட்கார்ந்தேன். அவர் பக்கத்தில் சம்பந்தியம்மா. சாம்பார் தாண்டியது, ரசமும் தாண்டியது. அப்புறம் பாயச வாளி வந்தது. பாயசத்தையும் இலையில்தான் ஊற்றினார்கள். ஐயோ, அதைப் பழகவே இல்லையே! வேண்டாம் என்று பரிமாறுகிறவருக்கு நான் கண்ணைக் காட்ட, அம்மா “ஊத்துங்க” என்றார்.

விரல்களைச் சேர்த்து நிதானமாக வழித்தார். கொஞ்சம் மேஜைக்கு ஓடியது. மீதி வாய்க்குப் போனது. சம்பந்தியம்மா இலையிலிருந்தும் அதே அளவு ஓடியிருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். கண் கலங்கிவிட்டது.

அம்மா நிமிர்ந்து பார்த்தார். “என் கையவே பாத்துட்டு இருந்தா எப்படிங்க? உங்க சோறு ஆறிப்போச்சு பாருங்க. சாப்பிடுங்கம்மா.”

குனிந்து பார்த்தேன். ஒரு வாய்கூட வைத்திருக்கவில்லை. அப்போதுதான் எனக்குப் பசித்தது.