உப்புத் தெருவுக்கு ஒரு சைக்கிள்

குடியிருப்பாளரின் எழுத்துமூல வேண்டுகோளுக்குப் பத்து வேலைநாட்களுக்குள் பதில் தரப்பட வேண்டும். எங்கள் அடுக்குமாடியின் வாசலில் கண்ணாடிக்குள் தொங்கும் விதி இது. நான் யாழ்ப்பாணக் கச்சேரியில், அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், கடிதங்களுக்குப் பதில் எழுதிச் சம்பளம் வாங்கியவன். பிறகு இலண்டனில் ஒரு கவுன்சில் அலுவலகத்தில் அதே வேலையை ஆங்கிலத்தில் செய்து ஓய்வு பெற்றவன். கண்ணாடி போட்டு மாட்டிய விதி அலங்காரத்துக்கானது என்பதை இரண்டு மொழிகளிலும் அறிவேன். ஆனாலும் ஐப்பசியில் எழுதினேன்: பின்புறக் கொட்டகையில் என் சைக்கிளுக்கு ஓரிடம் வேண்டும். கொட்டகையில் பாதி காலியாகக் கிடப்பதை யன்னலால் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். பதில் இல்லை. சைக்கிள் வாசல் கம்பியில் பிணைக்கப்பட்டு மழையில் நின்றது.

தெரு உறையப்போகிறது என்றால் இந்த ஊரில் லொறியில் வந்து உப்புக் கொட்டுகிறார்கள். கருவாடு போடுவதற்குக்கூட நாங்கள் அவ்வளவு உப்பைச் செலவழித்ததில்லை. எனக்குப் பயமில்லை. கடற்காற்றில் சைக்கிள் வைத்திருந்தவனுக்கு உப்பைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. மாரிக்கு முன் செயினில் கிறீஸை அப்பிவிட்டால் தை பிறக்கும்வரை திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. இங்கும் அப்படியே அப்பினேன். எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய பிழை அது. அங்கே காற்றில் வந்த உப்பைக் கிறீஸ் தடுத்தது. இங்கே தெருவில் கிடந்த உப்பையும் மணலையும் அதுவே வாரிச் சேர்த்து, பற்சக்கரத்தையும் செயினையும் அரம்போல அராவித் தின்றது. மார்கழியில், வடக்கு இலண்டனின் எட்மண்டனில் ஒரு சந்தி நடுவே, செயின் அறுந்தது. மகள் வாணி கிங்ஸ்பரியிலிருந்து காரில் வந்து என்னை ஏற்றினாள்.

"அப்பா, ஃப்ரீ பஸ் பாஸை வச்சுக்கொண்டு ஏன் இந்த விசர் வேலை? இன்னொருக்கா இப்பிடி நடந்தா எங்கடை வீட்டை வந்திருங்கோ. அறை ரெடி."

"இந்தக் குளிர் முடியுமட்டும் உன்னைக் கூப்பிடாமல் சைக்கிள் ஓடிக் காட்டினா, அந்த அறைக் கதையை விட்டிடுவியோ?"

"ஓகே. டீல்." அவள் சட்டத்தரணி. வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான் என்பதை அவளுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

அந்த அறையை நான் பார்த்திருக்கிறேன். வெப்பமாக இருக்கும். கட்டிலருகே ஒரு மணி உண்டு. அடித்தால் தேநீர் வரும். என் கால்களுக்கு அங்கே வேலை எதுவும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை சிவத்தோடு சைக்கிள் கடைக்குப் போனேன். சிவம் ஒல்லாந்தில் நீண்டகாலம் இருந்துவிட்டு இங்கே வந்து பலசரக்குக் கடை வைத்திருப்பவன்.

"அண்ணை, ஒல்லாந்தில செயினை முழுசா மூடிப்போடுவாங்கள். தண்ணி உள்ளுக்குப் போகாது."

"மூடினாலும் உள்ளுக்கை செயின்தானே தம்பி? செயின் எண்டா எண்ணெய் கேட்கும்."

கடைப் பையன் எத்தனை கியர் வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டான். எத்தனை என்பது முக்கியமில்லை, நான் கைவைக்கத் தேவையில்லாத கியர் வேண்டும் என்றேன். என் கைகளை இரக்கத்தோடு பார்த்துவிட்டு, மின்சார சைக்கிள் ஒன்றை உருட்டி வந்தான். "இது தானாகவே போகும், சேர்." தானாகப் போவதற்கு என்னிடம் பஸ் பாஸ் இருக்கிறது என்றேன். அவனுக்கு விளங்கவில்லை.

அப்போதுதான் சுவரில் தொங்கிய ஒரு சைக்கிளைக் கண்டேன். செயினுக்குப் பதிலாகப் பல்லுள்ள கறுப்பு ரப்பர் பட்டி.

"அண்ணை, இது நெல்லுக் குத்துற மில் பெல்ட் எல்லோ!" சிவம் வாய்விட்டுச் சிரித்தான்.

எனக்கு வேறு சான்று தேவைப்படவில்லை. தவிட்டுத் தூசிக்குள் நாள் முழுக்க ஓடிய மில் பெல்ட்டுக்கு யாரும் எண்ணெய் விட்டு நான் கண்டதில்லை. கியரும் பிரேக்கும் சக்கரத்தின் நடுக் குடத்துக்குள்ளேயே மூடப்பட்டிருந்தன. முன்சக்கரக் குடத்துக்குள் டைனமோ. யுத்தகாலத்துப் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்துக்குள் அரசு பற்றரி வரவிடவில்லை. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, ஒருவர் மாறி ஒருவர் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டவர்கள் நாங்கள். சார்ஜ் ஏற்றவேண்டிய விளக்கை நான் விளக்காகவே மதிப்பதில்லை. அந்தப் பட்டிச் சைக்கிளையே வாங்கினேன்.

குளிர்காலம் முழுவதும் சைக்கிள் ஓடினேன். நூலகத்துக்கு, கோயிலுக்கு, சிவத்தின் கடைக்கு. வீடு திரும்பியதும் ஒரு வாளி தண்ணீரால் உப்பைக் கழுவிவிடுவேன். அது கேட்ட பராமரிப்பு அவ்வளவுதான். தெரு கண்ணாடியாக உறைந்த காலைகளில் இறங்கி உருட்டினேன். உருட்டக்கூடாது என்று ஒப்பந்தத்தில் இல்லை. கீழ்வீட்டு ஆங்கிலேயப் பெண்மணி ஒருநாள், "இந்தக் காலநிலையிலா?" என்றார். "வேறு காலநிலை ஏதும் வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டேன். மறுநாள் என் கதவடியில் ஒரு சோடிக் கம்பளிக் கையுறை இருந்தது. போட்டுக்கொண்டு ஓடினேன்.

வாணியை நான் கூப்பிடவே இல்லை. சித்திரையில் அவளே பலகாரத்தோடு வந்தாள். கதவுக்குள் விழுந்து கிடந்த கடித உறையைப் பிரித்தவளும் அவள்தான். கொட்டகையில் இடம் ஒதுக்கியிருந்தார்கள், நான் இக்குடியிருப்பில் வசிக்கும் காலம் முழுவதற்கும். சாவியும் இருந்தது.

"அப்ப நீங்கள் கிங்ஸ்பரிக்கு வரப்போறதில்லை."

"வருவன். சைக்கிளில வருவன். சாப்பிட்டிட்டுத் திரும்பி ஓடுவன்."

"உங்களோடை கதைக்க ஏலாது அப்பா."

சாவியை எடுத்துக்கொண்டேன், விதிப்படி அது எனக்குரியது. சைக்கிளை மட்டும் உள்ளே வைக்கவில்லை; கூரை கேட்டது பழைய சைக்கிள். வெளியே ஆலங்கட்டி மழை, அதன் ஹாண்டிலில் நான் முதல்நாள் வருஷப் பிறப்புக்கு வைத்த சந்தனப் பொட்டைக் கரைத்துக்கொண்டிருந்தது. கடிதத்தில் அவர்கள் போட்டிருந்தது ஏப்ரல் மாதத்து ஏதோ ஒரு புதன்கிழமை. அது என் கைக்கு வந்த நாள், எங்கள் நாட்காட்டியில், சித்திரை இரண்டு.