கமலாசனியின் அலுமாரியும் அப்புத்துரையின் பேஸ் கிற்றாரும்

கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் அறையின் மூலையில் இருந்து அப்புத்துரை பண்டேஜ் சுற்றிக்கொண்டிருப்பார். துவைத்துக் காயவைத்த துணிப்பட்டிகள் பக்கத்தில் ஒரு கூடை நிறையக் கிடக்கும். வலது கை சுருட்டும் கருவியின் பிடியைச் சுழற்றும். இடது கை பட்டியை இழுத்துப் பிடித்துச் சுருக்கம் எடுக்கும். அந்த இடது கையைத்தான் கவனிக்க வேண்டும். நாலு விரல்களும் துணியின் மேல் அழுத்தி, எடுத்து, தள்ளிப் போய் மறுபடி அழுத்திக்கொண்டிருக்கும். புதிதாக மாற்றலாகி வந்த டொக்டர் ஒருவர், இந்த மனிதருக்கு நரம்பில் ஏதும் கோளாறோ என்று என்னிடம் கேட்டார்.

"இல்லை டொக்டர். அவர் பேஸ் கிற்றார் வாசிக்கிறார்," என்றேன்.

டொக்டர் என்னையும் ஒருமாதிரிப் பார்த்தார்.

இது அறுபத்தெட்டாம் ஆண்டில். நான் அங்கே நேர்ஸ், எல்லாருக்கும் மிஸ்ஸி. அப்புத்துரை எங்கள் ஆஸ்பத்திரியின் அற்றென்டன். யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத்திட்டத்துக்கு வந்த குடும்பம். காலையில் வயலைப் பார்த்துவிட்டு வந்து எட்டு மணிக்கு வேலைக்கு நிற்பார். முறிந்த காலைத் தூக்கிப் பிடிக்க அவரைப்போல் ஆள் கிடையாது. நோயாளி கத்துவதற்கு முன் வேலை முடிந்துவிடும்.

வேலை பழக அவரைக் கொஞ்சக் காலம் கொழும்புக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே ஒரு கலியாண வீட்டில் பாட்டுக்கோஷ்டி வந்திருந்தது. சனம் முழுக்கப் பாடுகிறவளைப் பார்த்துக்கொண்டிருக்க, அப்புத்துரை மட்டும் பின்னால் நின்ற ஒரு மெலிந்த ஆளைப் பார்த்தார். கழுத்து நீண்ட கிற்றார், தடித்த தந்தி நாலு. பாட்டுக்கு அடியில் கிடந்த சத்தம் அவரிடமிருந்து வந்தது. "காதால ஏறேல்லை மிஸ்ஸி, கதிரைக்காலால ஏறினது," என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

ஊருக்கு வந்ததும் உடைந்த வண்டிலின் முதிரைப் பலகையில் தானே ஒன்றைச் செய்தார். கழுத்தின் கட்டைகளுக்குச் சைக்கிள் சில்லுக் கம்பிகளை வெட்டிப் பதித்தார். தந்திகள் கொழும்பிலிருந்து வந்தன. றேடியோ திருத்துகிற ஒருவர், தந்தியின் அதிர்வைப் பிடிக்கக் காந்தத்தில் செப்புக்கம்பி சுற்றிக் கொடுத்தார். அதிலிருந்து ஒரு வயரை இழுத்து, றேடியோவில் இசைத்தட்டுப் பெட்டியைக் கொழுவும் துவாரத்தில் செருகி வாசிப்பார். தந்திகளுக்கு அடியில் துணி சுற்றிய பஞ்சுத் திரணை ஒன்றை வைத்திருந்தார். சத்தம் இழுபடாமல் "தும்" என்று விழுந்து முடிய வேண்டுமாம். அது ஆஸ்பத்திரிப் பஞ்சு அல்ல, கடையில் வாங்கியது. நான் விசாரித்துவிட்டேன்.

ஊரில் இந்தப் பைத்தியம் பிடித்த மற்ற ஆள் ஹமீட். பஸாரில் புடவைக்கடை வைத்திருந்தார். அவருடைய மச்சான் கப்பலில் வேலை செய்து, சிங்கப்பூரிலிருந்து விலை கூடிய பேஸ் கிற்றார் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். பழுத்த மிளகாய்ச் சிவப்பு. வெல்வெட் வைத்துத் தைத்த பெட்டி. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் ஹமீட் அதைத் தொடமாட்டார். பஞ்சு, திரணை ஒன்றும் கிடையாது. மாட்டுக்கொம்பில் சீவிய சின்னத் துண்டு ஒன்றால் தந்திகளைச் சுண்டுவார்.

ஹமீட் இவரைத் தம்பி என்பார். இவர் அவரை, சோனகர் அண்ணனைக் கூப்பிடுவதுபோல, நானா என்பார். இருவரும் சேர்ந்தால் சண்டைதான்.

"தம்பி, உம்மட வாசிப்பு காய்ச்சல்காரன் போர்வைக்குள்ள கிடந்து முனகிற மாதிரிக் கிடக்கு. அந்தப் பஞ்சைப் பிடுங்கி எறியும்."

"உங்கடது தகரக் கூரையில கொட்டைப்பாக்கு விழுகிற மாதிரி, நானா. விரலால வாசிச்சா என்ன, தேய்ஞ்சு போகுமோ?"

"சிங்கப்பூர்ச் சாமான், விரல் வேர்வை படக்கூடாது."

"அப்ப பாத்துக்கொண்டிருக்கவோ வாங்கினனீங்கள்?"

"நான் எங்க வாங்கினன்? மச்சானெல்லோ தந்தவர்!"

அப்புத்துரையின் மனைவி கமலாசனிக்கு இந்தக் கதை ஒன்றிலும் அக்கறை இல்லை. அவளுக்கு இரண்டு பால்மாடுகள் இருந்தன. ஆஸ்பத்திரிக்கு அவள் வீட்டுப் பால்தான் வந்தது, தண்ணீர் கலக்காத பால். புருசனின் வாசிப்பைப் பற்றி அவள் சொன்னது ஒரே ஒரு கதை.

"பாட்டுக் கேக்குது, மேளம் கேக்குது. இவர் வாசிக்கிறது மட்டும் எனக்குக் கேக்கேல்லை, மிஸ்ஸி. டிக், டிக் எண்டு பல்லி சொல்லுற மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான்."

அவள் பகிடிக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே அவளுக்குக் கேட்கவில்லை. அப்புத்துரைக்கு அதுதான் குறை. ஊர் கேட்காவிட்டாலும் போகட்டும், இவளுக்கு ஒருநாள் கேட்டால் போதும் என்று நினைத்தார். ஹமீட்டின் கிற்றார் கையில் வந்தால் கேட்கும் என்று முடிவும் கட்டிவிட்டார். "விலை கூடினதெண்டா அதுக்குள்ள ஒரு காரணம் இருக்கத்தானே வேணும், மிஸ்ஸி?"

ஹமீட்டின் வீட்டிலோ மனைவி ஜொஹறா பால்மாடு வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஆகவே ஒருநாள் ஹமீட் பேச்சை எடுத்தார். "மாடு ரெண்டையும் தாரும். சிவப்பைக் கொண்டு போம்."

அப்புத்துரை வீட்டுக்கு வந்து சொன்னார். கமலாசனி பாற்சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

"மாடு நான் வளத்தது. அந்தச் சாமானை ஒரு நாளைக்குக் கொண்டுவந்து வாசியுங்கோ. எனக்குக் கேட்டா, மாட்டை அவிழ்த்துக்கொண்டு போகட்டும். கேக்காட்டி இந்தக் கதையை இனி எடுக்கக் கூடாது."

அந்த வருடங்களில் ஞாயிற்றுக்கிழமைக்குப் பதில் போயாதான் விடுமுறை, அதாவது பௌர்ணமி, அமாவாசை, இடையில் வரும் அட்டமி நாள்கள். சிவப்புக் கிற்றார் வந்த போயாவன்று நானும் கமலாசனி வீட்டில் இருந்தேன். குழந்தைகள் வாட்டுக்குப் புதுக் கட்டில்கள் வாங்கவென்று ஆஸ்பத்திரிக்காரர் அடுத்த போயாவுக்கு ஒரு கலைநிகழ்ச்சி ஒழுங்கு செய்திருந்தோம். கட்டில்களுக்கு விரிப்புத் தைக்கும் வேலையைக் கமலாசனியும் நானும் எடுத்திருந்தோம். அவள் பாயில் கால்நீட்டி, அறைக்குள் நின்ற தன் அலுமாரியில் முதுகு சாய்த்து, ஓரம் மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். அந்த அலுமாரி அவளுடைய சீதனம். புளியங்குளத்தில் தகப்பன் வீட்டு வளவில் நின்ற முதிரையை அரிந்து செய்தது. ஆள் உயரத்துக்கும் மேல். தூக்குவதற்கு நாலு ஆண்கள் வேண்டும்.

ஹமீட் வாடகைக் காரில் வந்து இறங்கினார். சைக்கிளில் பெட்டியை வைக்கப் பயமாம்.

அப்புத்துரை முழங்கை வரை கை கழுவிவிட்டு வந்தார், ஒப்பறேசனுக்குப் போகிறவர் மாதிரி. றேடியோவில் வயரைச் செருகினார். வாசித்தார். நன்றாகத்தான் வாசித்தார் என்று நினைக்கிறேன், விரல்கள் அழகாக ஓடின. றேடியோவுக்குள்ளிருந்து வந்தது டிக், டிக்.

"கேக்குதோ?"

கமலாசனி ஊசியை நிறுத்திக் கவனமாகக் கேட்டாள். "பல்லி கொஞ்சம் பெருத்திருக்கு," என்றாள்.

ஹமீட் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "ஜொஹறாவும் இதைத்தான் சொல்லுறவ. நான் அவவுக்குக் காது பழுதெண்டெல்லோ நினைச்சிருந்தன்."

அப்புத்துரை வயரைக் கழற்றினார். கதிரையை அலுமாரிப் பக்கம் இழுத்துப் போட்டு இருந்தார். கிற்றாரின் தலை அலுமாரிக் கதவில் முட்டிக்கொண்டு நின்றது. கை சும்மா இருக்கவில்லை. ஆகத் தடித்த தந்தியை ஒருதரம் இழுத்துவிட்டார்.

"ஐயோ!" கமலாசனி துள்ளி எழும்பினாள். ஊசி விரலில் ஏறிவிட்டது. "ஆரது? என்ர முதுகுக்குள்ள ஆரோ கதைக்கினம்!"

நான் விரலைப் பிழிந்துவிட்டேன். அவள் அதைக் கவனிக்கவே இல்லை. திரும்பவும் அலுமாரியில் முதுகை ஒட்டவைத்து இருந்தாள். "இன்னொருக்கா இழுங்கோ." இழுத்தார். "இன்னொருக்கா." இழுத்தார். அலுமாரியின் பலகை முழுக்கப் பாடியது. எனக்கே பாயில் இருந்த இடத்தில் தெரிந்தது.

"இதையோ இவ்வளவு நாளும் வாசிச்சனீங்கள்?"

"ஓம். இதைத்தான்."

ஹமீட் கையைத் தட்டினார். "கேட்டிட்டுது! மிஸ்ஸி சாட்சி. தம்பி, மாட்டை அவிழும்."

கமலாசனியின் முகம் சுருங்கியது. ஆனாலும் சொன்ன சொல் மாறுகிறவள் அல்ல. "அவிழுங்கோ," என்றாள்.

அப்புத்துரை அசையவில்லை. மடியில் சிவப்புக் கிற்றார் கிடந்தது. அவர் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், அது அவருடையது. அவர் அதன் கழுத்தைக் கையால் ஒருமுறை தடவினார். பிறகு பெட்டிக்குள் வளர்த்திவிட்டு, சுவரில் சாத்தியிருந்த தன் வண்டில் பலகையை எடுத்தார். அதன் தலையை அலுமாரியில் முட்டவைத்து வாசித்தார்.

"இது?"

"இதுவும் கேக்குது," என்றாள் கமலாசனி.

"அப்ப கேட்டது கிற்றார் இல்லை, நானா. அலுமாரி."

"உமக்கென்ன விசரோ? பேசாமல் இருந்திருந்தா சாமான் உம்மட!"

"ஓம் நானா. ஆனா மாடு அவவின்ரயெல்லோ."

 ஹமீட் வயிறு குலுங்கச் சிரித்தார். கமலாசனி எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டாள். அன்றைக்கு எல்லாருக்கும் பால் கூடத்தான் விட்டிருந்தாள்.

மாடு போகாது என்று தெரிந்த பிறகு மனிதர்களுக்கு நேர்மை சுலபமாக வரும். இரண்டு கிற்றார்களையும் மாறி மாறி அலுமாரியில் வைத்துப் பார்த்தார்கள்.

"உங்கடதுதான் திறம், நானா," என்றார் அப்புத்துரை. "பொய் சொல்லக் கூடாது. தட்டினா நிண்டு பேசுது. சுருதி இறங்குதில்லை. என்ரது குளத்தில கல்லுப் போட்ட மாதிரி, விழுந்த கையோட முடிஞ்சுது. எனக்கு அந்த விழுகிறதுதான் பிடிப்பு."

"எனக்கு நிக்கிறதுதான் பிடிப்பு," என்றார் ஹமீட். "ஆனா பஞ்சு வைச்சா அவ்வளவு மோசமில்லைப் போல." அதைச் சொல்ல அவருக்கு மூன்று கோப்பை தேத்தண்ணி தேவைப்பட்டது.

கலைநிகழ்ச்சிக்கு ஒலிபெருக்கிக்காரர் கொண்டுவந்தது குழாய்கள். குழாயில் பாட்டு வரும், அடிச்சத்தம் வராது. ஆகவே அலுமாரி போக வேண்டும் என்று அப்புத்துரையும் ஹமீட்டும் சேர்ந்து கேட்டார்கள். கமலாசனி சம்மதித்தாள், ஒரு நிபந்தனையோடு. சேலைகளை எடுத்துக் கட்டிலில் அடுக்கலாம். உள்ளே இருக்கும் லாச்சியை, அந்தப் பூட்டுப்போட்ட இழுப்பறையை, ஒருவரும் திறக்கக் கூடாது. சாவி அவள் இடுப்பில்.

அடுத்த போயாவன்று பிற்பகல் அலுமாரியை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிப் பள்ளிக்கூட மண்டபத்துக்குக் கொண்டுபோனார்கள். வழியெல்லாம், ஆர் வீட்டில் கலியாணம் என்று சனம் கேட்டது. மேடையில் அதை நிமிர்த்தியதும் டொக்டர் என்னிடம் குனிந்து, "மிஸ்ஸி, இதற்குள் இருந்து யாராவது வரப் போகிறார்களா?" என்றார்.

முதல் பாதியில் ஹமீட் வாசித்தார். விரலால்தான், மெல்லிய தந்திகளிலேயே வாசித்தார். இரண்டாம் பாதி அப்புத்துரைக்கு. கதிரையைப் பக்கவாட்டில் போட்டு, தன் பலகையின் தலையைக் கதவில் முட்டவைத்துத் தொடங்கினார். முதல் நாலு வரிசைக்கு நன்றாகக் கேட்டது. பின்வரிசைக்குக் கேட்டிருக்காது. ஆனால் அடித்தந்தியைத் தொடும்போதெல்லாம், சேலைகள் இல்லாத அலுமாரிக்குள்ளிருந்து "கிர்ர்ர்" என்று இன்னொரு சத்தமும் வந்தது. சனம் சிரிக்கத் தொடங்கியது. அப்புத்துரைக்கு வேர்த்தது. பாட்டு நடுவில், விடவும் முடியாது.

முன்வரிசையில் என் பக்கத்தில் இருந்த கமலாசனி எழும்பினாள். நேரே மேடைக்கு ஏறினாள். கதவைத் திறந்து, இடுப்புச் சாவியால் லாச்சியைத் திறந்து, வெள்ளிக் கொலுசுகளும் பிள்ளைக்குப் பால் பருக்கிய சங்கும் இருந்த முடிச்சை எடுத்துச் சேலைத் தலைப்பில் கட்டினாள். கதவைச் சாத்தினாள். அது கொஞ்சம் ஆடியதால் உள்ளங்கையை விரித்து அழுத்திப் பிடித்தாள்.

கிர்ர்ர் நின்றது. அவள் இறங்கி வரவில்லை. கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள், நாங்கள் பிள்ளைகளின் நெஞ்சில் கைவைத்துச் சளி பார்ப்பதுபோல.

"அக்கா, விட்டா அலுமாரி ஓடிப்போயிடுமோ?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"பேசாம இரு! எனக்குக் கேக்கேல்லை," என்றாள் கமலாசனி, திரும்பிப் பார்க்காமல்.

மண்டபம் சிரித்தது. அப்புத்துரையும் சிரித்தார். பிழை ஒன்றும் விடவில்லை. அந்தப் பாட்டு முடிந்த பிறகும் அவள் அடுத்த பாட்டுக்கும் நின்றாள். கட்டில்கள் வாங்கப் போதுமானது சேர்ந்தது.

மறுநாள் காலை நான் பால் எடுக்கப் போனபோது அலுமாரி அறைக்குள் இல்லை. முன் விறாந்தையில், சுவரை விட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றது. சேலைகள் உள்ளே திரும்பிவிட்டன. ஹமீட் ஒரு தச்சரைக் கூட்டிக்கொண்டு வந்து, அதன் அகலத்தையும் பலகையின் தடிப்பையும் அளந்துகொண்டிருந்தார். ஜொஹறாவுக்கு ஒன்று செய்யப் போகிறாராம்.

"அளவுங்கோ நானா, சாவியை மட்டும் தொடாதேங்கோ," என்றாள் கமலாசனி. மாடு கறந்து முடித்து, சுளகில் அரிசியோடு வந்து அலுமாரியில் முதுகு சாய்த்து இருந்தாள். "இஞ்சாருங்கோ, எட்டு மணிக்கு இன்னும் நேரம் கிடக்கு. நேற்று ரெண்டாவதா வாசிச்ச அந்த ஆறுதலான பாட்டை ஒருக்கா வாசியுங்கோ."

அப்புத்துரை சேட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டே கதிரையை இழுத்துப் போட்டார். தச்சர் அளவுகோலை எடுத்துக்கொண்டு விலகி நின்றார். அப்புத்துரை வாசிக்க, கமலாசனி கல் பொறுக்கினாள்.

அன்றைக்கு அவர் வேலைக்குப் பிந்தித்தான் வந்தார். நான் வரவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போடவிட்டுப் பண்டேஜ் கூடையைக் காட்டினேன்.