மியூசியத்து நரி

இதயத்தில் அடைப்பு என்று டாக்டர் சொன்னதும் என் அப்பா கேட்ட முதல் கேள்வி, "இன்னைக்கு யாரு மொகத்துல முழிச்சேன்?" என்பதுதான். டாக்டருக்குப் பதில் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற அம்மாவுக்குத் தெரியும். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்பாவுக்குப் பாலவனத்தத்தில் விதைக்கடை. முதல் போணி சரியில்லை என்றாலும், மழை ஏமாற்றினாலும், பருத்தி முளைக்கவில்லை என்று யாராவது சண்டைக்கு வந்தாலும் அவரிடம் ஒரே விசாரணைதான். யார் முகத்தில் முழித்தேன்? தினமும் காபி டம்ளரோடு போய் அவரை எழுப்புவது அம்மா. ஆகவே குற்றவாளி எப்போதும் தயாராக இருந்தாள். நல்லது நடந்த நாளில் மட்டும் இந்த விசாரணை கிடையாது. அது அவருடைய சாமர்த்தியம். திருச்சுழிப் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் நடத்துகிற எனக்கு இதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். ஒரு நாளும் எதிர்த்துப் பேசாத அம்மா மேலும் எனக்குக் கோபம் உண்டு.

மதுரையில் ஆபரேஷன் என்று முடிவானது. முதல் தடவை கிளம்பியபோது தெருமுனையில் பூனை குறுக்கே போனது. திரும்பிவிட்டார். அடுத்த தடவை காரில் கால் வைக்கும் நேரத்தில் எதிர்க்கடைக்காரர், "அண்ணாச்சி, எங்க கெளம்பிட்டீக?" என்று அன்பாகக் கேட்டுத் தொலைத்தார். 'எங்கே' என்று கேட்டுவிட்டால் போகிற காரியம் உருப்படாதாம். சட்டையை மாற்றிக்கொண்டு கடையைத் திறக்கப் போய்விட்டார். இன்னும் தள்ளிப்போட்டால் உயிருக்கு நான் பொறுப்பில்லை என்று டாக்டர் போனில் என்னிடம் சொன்னார். பயம் வந்தால் எனக்கு வாய் நீளும்.

"நல்ல சகுனம் பாத்தாத்தான் வருவீகளோ? நரி மொகத்துல முழிச்சா வருவீகளா?" என்று கத்தினேன்.

"இப்ப நரிக்கு எங்கத்தா போறது?" என்றார், நிஜமாகவே யோசித்துக்கொண்டு.

"மதுர மியூசியத்துல ஒண்ணு இருக்கு. செத்த நரி. பாடம் பண்ணி வெச்சிருக்காக. அது மொகத்துல போயி முழிங்க!"

வருஷா வருஷம் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போகிறவள் நான். அதனால்தான் அந்த நரி வாய்க்கு வந்தது. குத்துவதற்காகச் சொன்னேன். அப்பா, "செத்த நரின்னாலும் மொகம் மொகந்தான?" என்றார்.

மியூசியம் பத்து மணிக்குமேல்தான் திறக்கும். அதுவரை அவர் எதையும் பார்க்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று காலையில் கண்ணை மூடியபடியே பல் தேய்த்தார், குளித்தார். சாமி படத்துக்கு முன்னால் நின்று கண்ணை இறுக்கிக்கொண்டு திருநீறு பூசினார். அன்றைக்கு முருகனுக்கே இரண்டாவது இடம்தான். அப்புறம் துண்டை எடுத்துக் கண்ணைச் சுற்றிக் கட்டிவிட்டேன். அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவேயில்லை. "நீயே கைய பிடிச்சுக் கூட்டிட்டுப் போத்தா. எம்மொகம் அவுகளுக்கு ஆகாது" என்றாள். அவர் கண்ணைத்தான் கட்டியிருக்கிறதே என்றேன். கேட்கவில்லை. அவர் காரில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் முன்சீட்டில் வந்து ஏறினாள்.

வழியில் டிரைவர், "ஐயாவுக்குக் கண் ஆபரேஷனா?" என்று கேட்டார். "இல்ல, நெஞ்சு" என்றேன். விருதுநகர் தாண்டும்வரை டிரைவர் கண்ணாடியில் அப்பாவின் கண்கட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்.

மியூசியத்து வாட்ச்மேன் நல்ல மனிதர். அப்பாவுக்குப் பார்வை இல்லை என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். யாரையும் தொடவிடாத முதுமக்கள் தாழியின் மேல் அப்பாவின் கையை எடுத்து வைத்தார். "தடவிப் பாருங்கய்யா. அந்தக் காலத்துல செத்தவுகள இதுலதான் வெச்சுப் பொதச்சாக" என்றார். அப்பா சூடு பட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டார். ஆபரேஷனுக்குப் போகிறவருக்குக் காட்ட வேண்டிய பொருளா அது? தலையில்லாத சிலைகள், பழங்காசுகள், பாட்டிலில் கிடந்த பாம்புகள் எல்லாவற்றையும் தாண்டி அவரை வேகமாக இழுத்துப்போனேன்.

கடைசிக் கூடத்தின் நடுவில், நாலு பக்கமும் கண்ணாடி போட்ட பெட்டியில் நரி நின்றது. முடி கொஞ்சம் கொட்டியிருந்தது. பக்கத்துப் பெட்டியில் ஆந்தை! அதன் முகத்தில் முழித்துவிட்டால் தொலைந்தோம். அப்பாவின் தோளைப் பிடித்துத் திருப்பி, நரிக்கு நேராக நிறுத்தினேன். பகுத்தறிவு பேசுகிற டீச்சர்தான். அன்று ஆந்தைக்கு நானும் முதுகைக் காட்டித்தான் நின்றேன்.

"நான் பொறத்தாடி நின்னுக்கிறேன்" என்று அம்மா மெல்லச் சொல்லிவிட்டு, அவர் கண்ணில் படாமல் இருக்கப் பெட்டியின் பின்பக்கம் போனாள். நான் துண்டின் முடிச்சை அவிழ்த்தேன்.

அப்போதுதான் பார்த்தேன். நரியின் இரண்டு காதுகளுக்கும் நடுவில், பின்பக்கக் கண்ணாடி வழியாக, அம்மாவின் முகம் தெரிந்தது. கண்ணை இறுக மூடி, கையைக் கூப்பி, உதடு அசைய வேண்டிக்கொண்டிருந்தாள். அவள் மறைந்து நிற்பதாக நினைத்துக்கொண்டிருந்தாள். மறுபடியும் துண்டைக் கட்ட நேரமில்லை. அப்பா கண்ணைத் திறந்துவிட்டார்.

எல்லாம் முடிந்தது, இப்படியே பாலவனத்தத்துக்குத் திரும்பப்போகிறோம் என்று நினைத்தேன். அப்பா அசையவில்லை. இத்தனை வருஷமாக அரைத்தூக்கத்திலும் கடைக்குப் போகிற அவசரத்திலும் மட்டுமே பார்த்த முகத்தை அவர் நின்று பார்த்தார். அம்மா வேண்டுதலை முடித்துக் கண்ணைத் திறக்கும் முன்பே திரும்பிக்கொண்டார்.

"பாத்தாச்சு. ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றார். பின்னால் வந்த வாட்ச்மேன் அவர் கண்ணையும் என் கையிலிருந்த துண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அம்மா, "நரி மொகத்துல முழிச்சுட்டுப் போனாக, ஒரு கொறையும் வரல" என்று சொல்லிச் சொல்லிப் பூரித்தாள். அப்பா மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். நானும் வாயைத் திறக்கவில்லை. அது அவர் சொல்ல வேண்டியது.

மறுபரிசோதனைக்கு மதுரை போன அன்று, நரியைப் பார்த்துவிட்டுத்தான் ஊர் திரும்ப வேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடித்தாள். வாசலில் ஒரு முழம் மல்லிகை வாங்கிப் பைக்குள் மறைத்துக்கொண்டாள். கூடத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து அதை எடுத்து நரிப்பெட்டிமேல் வைக்கப் போனாள். அப்பா அவள் கையைப் பிடித்தார்.

"நரிக்கு எதுக்குப் பூ? அன்னைக்கு நான் முழிச்சது அது மொகத்துல இல்ல. பின்னால நின்ன ஒம்மொகத்துல."

"நான் ஒளிஞ்சுல்ல நின்னேன்" என்றாள் அம்மா பதறிப்போய்.

"கண்ணாடிக்குப் பின்னால யாராச்சும் ஒளிவாகளா?" என்று அப்பா சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. அவள் குரல் உயர்ந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அன்னைக்கு மட்டுமா? கல்யாணமான நாள்ல இருந்து அதுலதான முழிக்கிறீக. கட நடக்கலயா? பிள்ள படிச்சு டீச்சராகலயா?"

அப்பா பிடித்திருந்த கையை விட்டார். அம்மா அந்த மல்லிகையைத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். "வந்தது வந்தாச்சு, மிச்சத்தையும் பாத்துட்டுப் போவோம்" என்று சிலைகள் இருந்த பக்கம் நடந்தாள். நெஞ்சுத் தையலில் ஒரு கையை வைத்துக்கொண்டு, "ஏத்தா, ஒங்கம்மாவ மெல்லப் போகச் சொல்லு, நானும் வாரேன்" என்று அப்பா அவள் பின்னால் போனார்.