எட்டாம் நம்பர் ஜோடி

12.06.2019 – ரூ. 140
03.02.2020 – ரூ. 165
19.10.2021 – ரூ. 190
08.01.2023 – ரூ. 210
21.04.2024 – ரூ. 245

அமாவாசை கடைக்குள் வந்ததும் செருப்பைக் கேட்பதில்லை. மஞ்சப்பையிலிருந்து ஒரு பழைய குளிர்பானப் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, தரையின் வெள்ளை டைல்ஸில் சோப்புத் தண்ணீரை ஊற்றுகிறார். உள்ளங்கையால் அதைப் பரப்பிவிட்ட பிறகுதான் நிமிர்ந்து, "இப்ப எடுத்துப் போடுங்கக்கா" என்கிறார்.

கடைக்காரர் ஜானகி ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார். "ஏந் தம்பி, இது செருப்புக் கடையா, ஒன் வாட்டர் சர்வீஸா?"

அரியலூரிலிருந்து ரெட்டிபாளையம் போகிற சாலையில், சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிகளைக் கழுவும் கொட்டகையில் அமாவாசைக்கு வேலை. இருபத்திரண்டு ஆண்டுகள். சோப்பு, டீசல், சுண்ணாம்புச் சேறு மூன்றும் கலந்து ஓடும் சிமெண்ட் தரையில் நாள் முழுக்க நிற்கிறார். இதுவரை ஒருமுறைகூட விழுந்ததில்லை என்பதை அவர் பெருமையாகச் சொல்வதில்லை. மழை பெய்யவில்லை என்று சொல்வதைப் போலச் சொல்வார்.

செருப்பைப் பார்க்கும் முறை இது. முதலில் மோந்து பார்ப்பார். பிறகு முனையும் குதிகாலும் தொடும்படி மடித்துவிட்டு, நிமிர எவ்வளவு நேரம் ஆகிறதென்று கவனிப்பார். கட்டைவிரல் நகத்தால் அழுத்துவார்; பள்ளம் விழுந்து அப்படியே நின்றால் அந்த ஜோடியை ஒதுக்கிவிடுவார். வாரை இழுத்து, அடியில் உள்ள குமிழ் ஆடுகிறதா என்று பார்ப்பார். கடைசியாக அடிப்பக்கம். "வரி ஆழமா இருந்தாப் பத்தாதுங்க. வரிக்குள்ள போன தண்ணி வெளிய ஓடுறதுக்கு வழி இருக்கணும். இல்லன்னா தண்ணி மேலயே மெதந்துகிட்டுப் போவும் செருப்பு." புதுச் செருப்பின் அடியில் ஒரு பளபளப்பு இருக்கும், செங்கல் பொடி போட்டுத் தேய்த்த பிறகே காலில் போட வேண்டும் என்பதும் அவர் சொல்லித்தான் ஜானகிக்கும் கடையில் பில் எழுதுகிற எனக்கும் தெரியும்.

தெருவில் போகும்போதும் அவர் மனிதர்களின் முகத்தைப் பார்ப்பதில்லை. டீக்கடையில் பக்கத்தில் நிற்கிறவரிடம், "அண்ணே, எடது குதிகால் தேஞ்சிடுச்சு, பாத்து நடங்க" என்பார். திருமழபாடிக்குச் சாமி கும்பிடப் போனவர், கொள்ளிடத்தில் குளித்துவிட்டு ஈரக்காலோடு படியேறுகிறவர்களை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பினார். சாமி பார்த்தாயா என்று ஜானகி கேட்டதற்கு, கூட்டமாக இருந்தது என்றார்.

மேலே எழுதிய ஐந்து பில்களில் ஒன்றுகூட அவருக்காக வாங்கியதில்லை. எல்லாம் பெண்கள் செருப்பு. அவர் மனைவி பரிமளா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறார்; போனது 2018இல். ஆறு குளியலறை உள்ள வீடு. அங்கே செருப்பு கிடைக்காதா என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"கெடைக்கும் சார். வழுக்குதா வழுக்கலையான்னு பாத்து வாங்கத்தான் ஆளு இல்ல."

பெண்கள் செருப்புக்குள் அவர் கால் நுழையாது. அதனால் தரையில் மண்டியிட்டு, இரண்டு கைகளையும் செருப்புக்குள் விட்டு, உடம்பின் பாரத்தை அதன்மேல் சாய்த்து, ஈர டைல்ஸில் முன்னும் பின்னும் தள்ளிப் பார்ப்பார். மற்ற வாடிக்கையாளர்கள் சிரிப்பார்கள். முடிந்ததும் பையிலிருந்து துணி எடுத்துத் தரையை அவரே துடைத்துவிடுவார்.

முதல் ஜோடி வாங்கியபோது இந்தச் சோப்புத் தண்ணீர் இல்லை. பரிமளா தன் காலைப் படம் எடுத்துப் போனில் அனுப்பியிருந்தார். அமாவாசை திரையை விரித்து விரித்துப் பெரிதாக்கி, அதன் பக்கத்தில் செருப்பை வைத்துப் பார்த்தார். ஜானகி ஐந்தாம் நம்பர் என்றார். நானும் ஐந்து என்றே பில்லில் எழுதினேன். செருப்பு அங்கே போய்ச் சேர்ந்தபோது பரிமளாவின் குதிகால் வெளியே நின்றது. வாங்கி அனுப்பியதை வீணாக்கக் கூடாதென்று அதையே போட்டுக்கொண்டு குளியலறை கழுவினார். விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. அந்தப் பில்லின் கார்பன் நகல் இன்னும் புத்தகத்தில் இருக்கிறது; எழுத்து என்னுடையது.

அதன் பிறகு போன் படத்தை அமாவாசை நம்புவதில்லை. "போன்ல காலு தெரியும் சார். அளவு தெரியாது." பரிமளா வெள்ளைத்தாளில் காலை வைத்து, சுற்றிக் கோடு இழுத்து, உறையில் போட்டுத் தபாலில் அனுப்ப வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. தாள் வந்ததும் அமாவாசை கடைக்குக் கொண்டுவருவார். நான் அளவுகோல் வைத்து அளந்து பில் நகலின் ஓரத்தில் எழுதிக்கொள்வேன். நீளம் நான்கு தாள்களிலும் 24.1 சென்டிமீட்டர். அகலம் 2020இல் 9.1. அடுத்ததில் 9.4. அதற்கடுத்து 9.9. சென்ற ஆண்டுத் தாளில் 10.4.

ஆறாம் நம்பர் ஏழாகி, ஏழு எட்டானது. எட்டாம் நம்பர் செருப்பில் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் இடம் சும்மா கிடக்கும். வேறு வழியில்லை, அதற்குக் கீழே எதிலும் அந்தப் பாதம் அடங்காது. அந்த நான்காம் தாள் வந்த அன்று அமாவாசை நான்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார்.

"வளர்ற வயசா சார் இது, அவளுக்கு? போன்ல சிரிக்கிறா. தாள்ல வீங்கியிருக்கா."

போனில் கேட்க வேண்டியதுதானே என்றார் ஜானகி. கேட்டால் நாளையிலிருந்து கோட்டை உள்ளே தள்ளி இழுத்து அனுப்புவாள், இந்த ஒன்றாவது உண்மையாக வரட்டும் என்று விட்டிருப்பதாக அமாவாசை சொன்னார். வந்துவிடச் சொல்லிப் பலமுறை கேட்டாராம். மகள் சுவாதி பெரம்பலூரில் நர்சிங் படிக்கிறாள்; அவள் படிப்பு முடியட்டும் என்பதே பரிமளாவின் பதில். படிப்பு இந்த ஆண்டு முடிந்துவிட்டது.

பிறகு ஒரு கடிதம் வந்தது. அமாவாசைக்குப் படிக்க வராது; உறையோடு கடைக்குக் கொண்டுவந்தார். உறையைப் பிரித்தேன், கால் அளவு இல்லை. கோடு போட்ட தாளில் மூன்றே வரி. 'இனிமே செருப்பு அனுப்ப வேணாம். நான் வந்து நானே நின்னு பாத்து வாங்கிக்கிறேன். ஒடம்ப பாத்துக்குங்க.'

அமாவாசை இரண்டாம் முறை படிக்கச் சொன்னார். படித்தேன்.

"தேதி போட்டிருக்காளா சார், வரதுக்கு?"

"போடல."

தாளின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்க்கச் சொன்னார். அங்கேயும் இல்லை. போனில் கேட்டால் சீட்டு முடியணும், மேடம் ஊரிலிருந்து வரணும் என்று ஏதாவது சொல்கிறாளாம்.

அன்று எட்டாம் நம்பரில் ஒரு ஜோடியைத் தேர்ந்து, பில் போட வேண்டாம், எடுத்து வையுங்கள் என்று ஜானகியிடம் சொன்னார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வேலை முடிந்து வருகிறார். "சும்மா கெடந்தா ரப்பர் எறுகிடுமுங்கக்கா" என்று அந்தப் பெட்டியை வாங்கிக்கொள்கிறார். ஜானகி இப்போது வாட்டர் சர்வீஸைப் பற்றிக் கேட்பதில்லை. வாசலில் நிற்கிற ஸ்டூலை நகர்த்தி வைக்கிறார்.

பாட்டில் தண்ணீரை ஊற்றி மண்டியிடுகிறார். கைகளைச் செருப்புக்குள் விடுகிறார். முன்போல முன்னும் பின்னும் தள்ளுவதில்லை. வாசற்படியிலிருந்து தொடங்கி வலது, இடது, வலது, இடது என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, ஈரத்தின் மேல் மெதுவாக, கடைக்குள்ளே வருகிறார்.

கடைசிக் கடிதம் வந்த நாள்: 06.08.2025.