வாபஸ் வாங்கிய வேண்டுதல்

பால் பாக்கெட்டைக் கத்தரித்து அடுப்பில் வைத்துவிட்டு நான் போனைத் திறக்கும் நேரத்தில், உலகத்தின் அந்தப் பக்கம் அமெரிக்காவில் ஒரு ஊரின் நகர மன்றம் கூடியிருக்கும். அங்கே சாயங்காலம். இங்கே சித்தூரில் அப்போதுதான் எதிர் வீட்டு வாசலில் தண்ணீர் தெளிக்கிறார்கள். போனில் நேரலையாகப் பார்த்துப் பார்த்து அந்த மன்றத்து ஆட்கள் எல்லோரும் எனக்கு நல்ல பழக்கம். வெள்ளை முடிக்காரர் எதற்கெடுத்தாலும் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். சுருட்டை முடிக்காரி, பேசுகிறவர் முகத்தை நிஜமாகவே பார்த்துக் கேட்பாள். தலைவி அம்மாள் சின்ன மரச்சுத்தியால் மேஜையைத் தட்டுவாள். என் சொந்த வார்டு கவுன்சிலர் யாரென்று கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வேன்.

எனக்கு இந்த வேலை புதிதல்ல. ஒரு நகராட்சி ஆபீசில் கவுன்சில் கூட்டங்களின் நடவடிக்கைகளை எழுதி எழுதியே ஓய்வு பெற்றவள் நான். தமிழில் யோசித்து, தெலுங்கில் எழுதி, இங்கிலீஷில் தேதி போட்டு என் காலம் ஓடியது. எங்கள் கவுன்சிலர்கள் மைக்கைப் பிடுங்குவார்கள், கோஷம் போட்டபடி வெளிநடப்பு செய்வார்கள், மிக்சர் தட்டு வந்ததும் சத்தமில்லாமல் உள்ளே வந்து உட்காருவார்கள். அந்த ஊர்க்காரர்கள் ஒரு குப்பைத் தொட்டியைப் பற்றிக்கூட ஒருவர் முடித்த பிறகுதான் அடுத்தவர் பேசுகிறார்கள். முதலில் எனக்குத் தூக்கம் வந்தது. பிறகு பழகிவிட்டது.

பார்ப்பதற்குக் காரணம் என் மகன். ஒரே மகன். அந்த ஊரில்தான் இருக்கிறான், ஆனால் காகிதத்தில் இல்லை. படிக்கப் போனான், படித்தான், வேலையும் கிடைத்தது. ஒரு நாள் அந்தக் கம்பெனி இழுத்து மூடிக்கொண்டது, அதோடு விசாவும் போயிற்று. அடுத்த வேலை வந்ததும் சரிசெய்துவிடலாம் என்று காத்திருந்தவன், சரிசெய்யவே முடியாத இடத்துக்குப் போய்விட்டான். இப்போது ஒரு கடையின் பின்கட்டில் பெட்டி அடுக்குகிறான். அந்த நாட்டை விட்டு ஒரு முறை வெளியே வந்தால் மறுபடி உள்ளே விடமாட்டார்கள்.

நான் பிறந்தது விஜயபுரத்துப் பக்கம் எல்லைக் கிராமம். எங்கள் கடலைக்காடு ஆந்திராவில், டீக்கடை தமிழ்நாட்டில். நாளுக்கு நாலு தடவை எல்லை தாண்டுவோம், எவனும் நில் என்று சொன்னதில்லை. அப்படி வளர்ந்தவளுக்கு, எல்லை என்பது ஒரு மனிதனை இத்தனை வருஷம் ஒரே இடத்தில் கட்டிப்போடும் என்பது புத்திக்கு எட்டவே நாளாயிற்று.

எட்ட வைத்தது என் கணவரின் சாவு. கொள்ளி வைத்தது அவர் தம்பி மகன். என் மகன் போனில் பார்த்தான். யாரோ போனைப் பிடித்துக்கொண்டு, வெயிலில் ஒன்றும் தெரியவில்லை என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டே இருந்தார்கள். அப்பாவின் முகத்தைவிட மற்றவர்களின் செருப்பைத்தான் அவன் அதிகம் பார்த்திருப்பான். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, ஒரு துணியை மஞ்சள் தண்ணீரில் நனைத்து, அதில் ஒரு காசை வைத்து முடிந்து, சாமி அலமாரியில் வைத்தேன். இந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் செய்வதுதான், மொக்கு என்பார்கள். நினைத்தது நடந்த பிறகு திருப்பதி மலைக்குப் போய் அந்த முடிச்சை உண்டியலில் போட வேண்டும். கூடவே என் முடியையும் தருகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். “எப்படியாவது என் பிள்ளையை என் கண் முன்னால் கொண்டுவந்து நிறுத்து” என்பதுதான் நான் சொன்ன வார்த்தை. ஆபீசில் யாராவது மனுவில் ‘எப்படியாவது’ என்று எழுதிக்கொண்டு வந்தால் நானே அடித்துவிட்டு, என்ன வேண்டும் என்று தெளிவாக எழுதச் சொல்வேன். என் மனுவை நான் சரிபார்க்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அவன் அங்கே ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். அவளும் வேறு ஏதோ தேசத்திலிருந்து வந்து காகிதமில்லாமல் இருப்பவள்தான். ஒரு பெண் குழந்தை பிறந்தது. வாரத்துக்கு ஒரு முறை போனில் அந்தக் குழந்தை என்னைப் பார்த்துக் கை ஆட்டும், பிறகு அலுத்துப்போய் ஓடிவிடும். மற்ற நாட்களில் நான் ஒரு டம்ளர் அரிசி வைத்து, அதையே ராத்திரிக்கும் வைத்துக்கொண்டு, டிவிக்குப் பதில் சொல்லிக்கொண்டு இருந்தேன். தனிமை என்று பெரிய வார்த்தையாகச் சொல்ல எனக்குக் கூச்சம். ஆனால் கேஸ் சிலிண்டர் போடுகிற பையனை நிறுத்திவைத்து அவனுக்குச் சம்பந்தமில்லாத கதையெல்லாம் பேசுகிறேன் என்றால் அதற்கு வேறு பேர் கிடையாது.

அந்த மன்றத்துக்கு ஒரு தீர்மானம் வரப்போகிறது என்று மகன் ஒரு நாள் சொன்னான். ஊரை அடைக்கல ஊராக அறிவிக்கும் தீர்மானம்.

“அப்டீன்னா இன்னாடா?” என்றேன்.

“பாஸ் ஆயிட்டா இந்த ஊரு போலீஸு என்னாண்ட பேப்பர் கேக்கக் கூடாதும்மா. ரோட்ல வண்டிய நிறுத்துனாலும், ஆஸ்பத்திரிக்குப் போனாலும், பாப்பாவ ஸ்கூல்ல சேத்தாலும் எவனும் கேக்க மாட்டான்.”

“அப்போ ஒன்ன யாரும் ஒன்னும் பண்ண முடியாதா?”

“மேல்கவர்மெண்ட் ஆளுங்க தேடிக்கினு வந்தா வரலாம். ஆனா ஊர்க்காரன் காட்டிக் குடுக்க மாட்டான். அது போதும்மா. பயம் இல்லாம பால் வாங்கப் போலாம்.”

நகராட்சித் தீர்மானம் எவ்வளவு தாங்கும் என்று எனக்குத் தெரியும். அது கூரை அல்ல, குடை. ஆனாலும் மழையில் நிற்கிறவனுக்குக் குடை பெரிது. அன்றிலிருந்து அந்த மன்றத்தின் ஒரு கூட்டத்தையும் விடவில்லை. பாதிப் பேச்சு புரியாது. புரிந்த பாதியை வைத்து மீதியை நானே எழுதிக்கொள்வேன், ஆபீசிலும் அப்படித்தான் எழுதினேன்.

தீர்மானம் வந்த நாளில் மக்கள் வரிசையில் நின்று பேசினார்கள். ஒருவர் வேண்டும் என்றார், ஒருவர் சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானே என்றார். கடைசியில் வெள்ளை முடிக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள். தள்ளிவைப்பது என்றால் என்னவென்று எனக்கா தெரியாது? தள்ளிவைத்துத் தள்ளிவைத்தே நாங்கள் ஒரு சாக்கடையைப் பள்ளிக்கூடத்துக்குள் ஓடவிட்டவர்கள்.

அந்த இடைப்பட்ட நாட்களில்தான் அது நடந்தது. கீழ்வீட்டில் குடியிருப்பவள் நகரியிலிருந்து வந்தவள், வீட்டுக்காரர் விசைத்தறி ஓட்டியவர். சாயங்காலம் என்னோடு செய்தி பார்க்க மேலே வருவாள். அன்று டிவியில், திருப்பி அனுப்பப்பட்டவர்கள் விமானத்திலிருந்து இறங்குவதைக் காட்டினார்கள். வழியெல்லாம் கையிலும் காலிலும் சங்கிலி போட்டுக் கொண்டுவந்தார்களாம். ஒரு பையன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே நடந்தான்.

“பாவம்க்கா,” என்றாள் அவள். பிறகு என் முழங்கையைத் தொட்டு, “ஆனா எப்டியோ வூடு வந்து சேந்துட்டானுங்க இல்ல? ஒன் புள்ளயும் இந்த மாதிரி வந்துட்டா ஒன் மொக்கு தீந்துடும். சாமி எந்த வழியா குடுத்தா இன்னாக்கா?”

அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். நான் எழுந்து உள்ளே போய், அலமாரியில் இருந்த மஞ்சள் முடிச்சைப் பார்த்தேன். இத்தனை வருஷம் விளக்கேற்றும்போதெல்லாம் அதைத் தொட்டுக் கும்பிட்டிருக்கிறேன். முதல் முறையாக அதைப் பார்த்துப் பயந்தேன். எப்படியாவது என்றுதானே கேட்டேன்? சாமியும் அப்படியே கொடுத்துவிட்டால்? சங்கிலியோடு என் கண் முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டால்? அங்கே அந்தக் குழந்தை கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பிள்ளை இல்லாத வீட்டில் உட்கார எனக்குத் தெரியும், பழகிவிட்டேன். அப்பா இல்லாத வீட்டில் உட்கார அந்தச் சின்னதுக்கு யார் கற்றுக்கொடுப்பது?

அடுத்த கூட்டத்துக்கு முன்னால் திருப்பதிக்குக் கிளம்பினேன்.

“நடக்காத மொக்குக்கு யாராச்சும் மொட்ட போடுவாங்களாக்கா?” என்று கீழ்வீட்டுக்காரி பின்னாலேயே வந்தாள்.

“மனுவ வாபஸ் வாங்குனாலும் பீஸு கட்டித்தான் ஆவணும்,” என்றேன். அவளுக்குப் புரியவில்லை. ஒரு டப்பாவில் புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள்.

புத்தலப்பட்டு தாண்டும்வரை பஸ்சில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. பிறகு ஒரு குடும்பம் ஏறியது, எல்லோரும் மொட்டைக்குத்தான், ஒரே சிரிப்பு. மலைமேல் மொட்டை போடும் கூடத்தில், முடி எடுக்கும் அம்மாள் என் தலையை நனைத்தபடி தெலுங்கில், “மொக்கு தீரிந்தா அம்மா?” என்று கேட்டாள். வேண்டியது நடந்ததா என்று எல்லோரையும் கேட்பதுதான் அது.

“இல்லம்மா. வேணாம்னு சொல்ல வந்துக்கீறேன்,” என்றேன்.

கத்தி ஒரு நொடி நின்றது. பிறகு அவள், “தல வஞ்சண்டி,” என்றாள். குனிந்தேன். நரைத்த முடி மடியில் விழுந்தது.

தரிசன வரிசையில் நிற்கும்போது சொல்லவேண்டியதை ஒத்திகை பார்த்தேன். ‘முன்பு அடியேன் சமர்ப்பித்த விண்ணப்பத்தைத் தயவுசெய்து ரத்து செய்யவும்’ என்று ஆபீஸ் பாணியில் அழகாக வந்தது. திருத்தித் திருத்தி மனப்பாடம் செய்தேன். ஆனால் அந்த வாசற்படியில் நமக்குக் கிடைப்பது ஒரு மூச்சு நேரம்தானே. நிமிர்ந்து பார்த்தேன். எல்லாம் மறந்துவிட்டது.

“வேணாம் சாமி. கொண்டாராத. அவன் அங்கியே இருக்கட்டும்.”

ஜரகண்டி, ஜரகண்டி என்று என்னைத் தோளைப் பிடித்து நகர்த்தினார்கள். முடிச்சை உண்டியலில் போட்டேன். விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. வெளியே வந்து கீழ்வீட்டுக்காரியின் புளிச்சோற்றைத் தின்றுகொண்டே அழுதேன். மொட்டைத் தலையோடு அழுகிறவர்களை மலைமேல் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அது ஒரு சௌகரியம்.

கூட்டத்தன்று காலையில் ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கேட்டார்கள். வெள்ளை முடிக்காரர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, இல்லை என்றார். சுருட்டை முடிக்காரி ஆம் என்றாள். ஆம் என்றவர்களே அதிகம். தலைவி அம்மாள் சுத்தியால் தட்டினாள். ஜனங்கள் எழுந்து கை தட்டியபோது கேமரா முதல் முறையாகப் பின்பக்கம் திரும்பியது. கடைசி வரிசையில், தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு என் மகன் நின்றிருந்தான். வருகிறேன் என்று என்னிடம் சொல்லவே இல்லை. போனில் எப்போதும் நெற்றிக்குக் கீழேதான் காட்டுவான். அன்றுதான் மேலிருந்து பார்த்தேன். உச்சியில் முடி கொட்டி, அவன் அப்பா மாதிரியே ஆகியிருந்தான்.

கூட்டம் முடிந்து நான் அடுப்பில் பாலை வைத்த நேரத்தில் கூப்பிட்டான். ஏதோ நடைபாதையில் நின்றுகொண்டிருந்தான். “பாத்தியாம்மா? பாஸ் ஆயிட்ச்சு!” என்றவன், திரையை உற்றுப் பார்த்தான். “இன்னாம்மா இது? நான்தான் வரவே இல்லியே, எதுக்கு மொட்ட போட்டுக்கினே?”

“அதுக்குத்தான்,” என்றேன்.

குழந்தை விழித்து, என் தலையைப் பார்த்து, திரையைத் தடவித் தடவிச் சிரித்தது.

“அடுத்த வருசம் எப்டியாவது வந்துர்றேம்மா,” என்றான்.

“எப்டியாவது எல்லாம் வேணாம். வராத நைனா.”

மலைமேல் சாமியிடம் சொன்னது சுலபமாக இருந்தது. அவனிடம் சொன்ன பிறகு, போன் அணைந்தும் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பால் பொங்கி அடுப்பை அணைத்திருந்தது.