புளித்தண்ணீரில் கழுவிய நத்தைகள்

என் அத்தை நத்தை பிடிக்கிறவள் என்பது நல்லம்பள்ளிப் பக்கத்தில் எங்கள் ஊர் முழுக்கத் தெரிந்த சங்கதி. எதற்குப் பிடிக்கிறாள் என்பதுதான் ஒருவருக்கும் விளங்கவில்லை. மூலத்துக்கு மருந்து காய்ச்சுகிறாள் என்று கொஞ்சப் பேர் சொன்னார்கள். காலேஜில் இதையெல்லாமா தின்னச் சொல்கிறார்கள் என்று கொஞ்சப் பேர் பரிதாபப்பட்டார்கள். அம்மாவுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. வீட்டிலிருந்த ஊறுகாய் பாட்டில்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போவதுதான் அவளுடைய கவலை.

அத்தை அப்பாவுக்கு ஒரே தங்கை. அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே அவர்களைப் பெற்றவர்கள் இருவரும் போய்விட்டதால் அப்பாதான் தூக்கி வளர்த்தார். பத்தாவதோடு நிறுத்திவிடு என்று சொந்தக்காரர்கள் கூடி வந்து சொன்னபோது, "அது படிக்கிற மட்டும் படிக்கட்டும். உங்க வூட்டு அரிசியத் தின்னுட்டா படிக்குது?" என்று அப்பா கேட்டுவிட்டார். அதிலிருந்து நாலு வீட்டோடு எங்களுக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. அப்பா எட்டாவது தாண்டாத ஆள். புளி வியாபாரம். தை பிறந்தால் எங்கள் வீட்டில் நடக்க இடம் இருக்காது. பழத்தைத் தட்டி ஓட்டை எறிந்து, நார் உருவி, கொட்டை எடுத்து, சுத்தமான புளியாக மண்டிக்கு அனுப்புவார். எங்கள் புளியில் ஒரு நார் இருக்காது என்று அவருக்குப் பெருமை.

அத்தை சேலத்தில் விலங்கியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். அவளுடைய ஆராய்ச்சி முழுக்க ஒரே ஒரு வகை நத்தையைப் பற்றியது. தொப்பூர் கணவாயில், ரோட்டுக்கு மேலே ஈரம் கசியும் பாறைச்சரிவில் மட்டும் இருக்கிற பழுப்பு நத்தை. நடுவில் ஒரு வெள்ளைக் கோடு ஓடும். வெயில் காலம் முழுக்க ஓட்டின் வாயை மூடிக்கொண்டு மண்ணுக்குள் தூங்கும். ஐப்பசி மழை வந்து எழுப்பினால்தான் வெளியே வரும். ஓட்டை மட்டும் பார்த்து யாரோ அந்தக் காலத்தில் அதை ஒரு பேரினத்தில் சேர்த்து எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். பேரினம் என்றால் நாம் வம்சம் என்று சொல்கிறோமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. அத்தை முந்தின வருஷம் கிடைத்த ஒரே ஒரு நத்தையை அறுத்துப் பார்த்ததில், அந்த வம்சத்துக்கெல்லாம் இருந்தாக வேண்டிய ஒரு சின்னப் பை இதற்கு இல்லவே இல்லை. நத்தையில் ஆணும் அதுவேதான், பெண்ணும் அதுவேதான். அதன் இனப்பெருக்க உறுப்புகள் உள்ளே அமைந்திருக்கிற விதத்தை வைத்துத்தான் அது எந்த வீட்டுப் பிள்ளை என்று சொல்ல முடியும். ஒன்றில் மட்டும் இல்லையென்றால் அது ஊனம் என்று தள்ளிவிடுவார்கள். எடுத்ததில் எல்லாம் இல்லை என்று காட்டினால் அது தனி வம்சம், இதுவரை யாரும் பெயர் வைக்காத புதுப் பேரினம்.

இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அப்போது நான் மூன்றாவது படித்தேன். அத்தை ஒருநாள் சமையலறையில் நின்று, "ஓட்டுல ஒண்ணும் இல்லீங்கண்ணி, எல்லாம் வயித்துக்குள்ளதான் இருக்குது" என்று சொன்னதும், அம்மா தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "எல்லாருக்கும் அப்பிடித்தான்" என்று பதில் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. அப்பா அந்த நேரம் மண்டிக்குப் போயிருந்தார். வீட்டில் இருந்திருக்கக் கூடாதா என்று எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

அரூரிலிருந்து அத்தைக்கு ஒரு மாப்பிள்ளை வந்திருந்தார். நல்ல இடம், நல்ல மனிதர்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. அத்தை அப்பாவிடம் ஒரு மழைக்காலம் மட்டும் கேட்டாள்.

"இது சரியா வந்துட்டா கல்கத்தாவுல மேல படிக்க எடம் கெடைக்கும்னு சார் சொல்றாருண்ணா. வரலீன்னா நீங்க காட்டற எடத்துல கழுத்த நீட்டறேன்."

அப்பா சரி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டுக்கு அது இது என்று சாக்குச் சொல்லி இழுத்தடித்தார். அதோடு நிற்கவில்லை. அந்த வருஷம் மழை பெய்த நாளெல்லாம் அத்தையைத் தன் வண்டியில் உட்காரவைத்துத் தொப்பூருக்குக் கூட்டிப்போனார். அத்தை சரிவில் ஏறிக் கல்லைப் புரட்டிக்கொண்டிருப்பாள். அப்பா கீழே ரோட்டோரத்தில் குடை பிடித்து நிற்பார். டீ குடிக்க லாரியை நிறுத்துகிற டிரைவர்கள் என்ன விஷயம் என்று கேட்டால், "எந் தங்கச்சி ஆராய்ச்சி பண்ணுது" என்பார். அடேயப்பா, அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்காகவே அவர் மழையில் நின்றார் என்று எனக்குத் தோன்றும்.

பிடித்து வந்த நத்தைகளை அத்தை, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் போட்டு, காற்றுக் குமிழி ஒன்றுகூட இல்லாமல் பாட்டிலின் வாய் விளிம்பு வரைக்கும் நிரப்பி மூடிவிடுவாள். விடிவதற்குள் அவை உடம்பை முழுக்க வெளியே நீட்டியபடி செத்துக் கிடக்கும். பிறகு அவற்றைச் சாராய நெடி அடிக்கும் ஸ்பிரிட்டில் மாற்றி வைப்பாள். உடம்பு சுருங்கிவிட்டால் அறுத்துப் பார்ப்பது கஷ்டமாம். அலமாரியின் மேல்தட்டு முழுக்க அந்தப் பாட்டில்கள். பார்க்க நன்றாக இருக்காது. வழவழவென்று வெளுத்துப்போன சதை தொங்கிக்கொண்டிருக்கும்.

திங்கட்கிழமை அவற்றைச் சேலத்துக்குக் கொண்டுபோக வேண்டும். வெளியூரிலிருந்து பெரிய பேராசிரியர் ஒருவர் வருகிறார், அவருக்கு முன்னால்தான் அறுத்துக் காட்டுவது. அதற்கு முந்தின நாள் அத்தை ஒரு சிநேகிதியின் கல்யாணத்துக்குப் போயிருந்தாள். அவள் பஸ் ஏறியதும் அப்பா பாட்டில்களை ஒவ்வொன்றாக இறக்கினார்.

"நாளைக்குப் பெரிய பெரிய ஆளுங்க பாக்கப் போறாங்க. இப்பிடியேவா கொண்டுபோறது? சுத்தம் பண்ணாத சரக்க எவனாவது மண்டிக்குக் கொண்டுபோவானா?" என்றார்.

"அதுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க" என்றாள் அம்மா.

"கேட்டா வேணாம்னுதான் சொல்லும். அண்ணனுக்குச் சிரமம்னு நெனைக்கும். ஒனக்குத் தெரியாது, கம்முனு இரு."

அன்றைக்கு முழுவதும் கொல்லையில் உட்கார்ந்து அந்த வேலையைச் செய்தார். நத்தைகளை வெந்நீரில் போட்டு எடுத்து, மூட்டை தைக்கிற கோணூசியால் உள்ளே இருந்த சதையைத் துளித்துளியாகக் குத்தி இழுத்தார். ஸ்பிரிட்டில் ஊறி விறைத்த சதை லேசில் வரவில்லை. ஊசி வழுக்கி விரலில் ஏறியது. ஓடுகளைக் குத்துவிளக்கு தேய்ப்பதுபோலப் புளித்தண்ணீரில் போட்டுக் கழுவினார். துடைத்து, காயவைத்து, தேங்காயெண்ணெய் தொட்டுப் பளபளக்க வைத்தார். தர்மபுரியில் படத்துக்குச் சட்டம் போடுகிற கடையில் ஒரு கண்ணாடிப் பெட்டி முன்கூட்டியே செய்து வைத்திருந்தார். அதில் பஞ்சு பரப்பி, பெரிதிலிருந்து சிறிது வரை வரிசையாக அடுக்கினார். சும்மா சொல்லக்கூடாது, அவ்வளவு அழகாக இருந்தது. எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது.

வாழ்நாள் முழுக்க ஓட்டை எறிந்துவிட்டு உள்ளே இருப்பதை விற்றவர், அந்த ஒருநாள் மட்டும் உள்ளே இருந்ததை எறிந்துவிட்டு ஓட்டை எடுத்து வைத்தார்.

சாயங்காலம் அத்தை வந்தாள். அப்பா பெட்டியின்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடி வைத்திருந்தார். செருப்பைக் கழற்றவும் விடாமல் அவளைக் கூட்டிவந்து துண்டை எடுத்தார். அத்தை பெட்டியைப் பார்த்தாள். அப்புறம் அலமாரியின் மேல்தட்டைப் பார்த்தாள்.

"உள்ள இருந்ததெல்லாம் எங்கண்ணா?"

"அதா? வாழைக்கடியில கொட்டிட்டேன். நல்ல எருவு."

அத்தை அப்பாவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். புளியும் ஸ்பிரிட்டும் பட்டு விரல்நுனியெல்லாம் வெந்து, ஊசி குத்திய இடங்கள் வீங்கியிருந்தன. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப அழகா இருக்குதுண்ணா" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்ததைப் பார்த்து அப்பாவும் அழுதார். எங்கள் வீட்டில் அவ்வளவு சந்தோஷமான நாளை நான் பார்த்ததில்லை என்றுதான் ரொம்ப வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை சேலத்துக்குப் போனவள் மத்தியானமே திரும்பிவிட்டாள். அப்புறம் ஒருமுறை அப்பாவைத் தொப்பூருக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். "இருக்கறது பத்தாதா பாப்பா?" என்று கேட்டுக்கொண்டே அவரும் கூட்டிப்போனார். அதற்குள் மழை ஓய்ந்து பனி இறங்கிவிட்டது. நத்தைகள் மண்ணுக்குள் போய்விட்டன. தையில் கல்யாணம் நடந்தது. சீர்த்தட்டுகளோடு அந்தக் கண்ணாடிப் பெட்டியையும் அப்பா தானே தலையில் வைத்துத் தூக்கிப்போனார். தேங்காய், பழம், புடவை, அதன் பின்னால் நத்தை ஓடுகள். அப்படி ஒரு சீரை அரூர்க்காரர்கள் அதற்கு முன்னால் பார்த்திருக்க மாட்டார்கள்.

அதற்கப்புறம் அத்தை வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அப்பா முதலில் அந்தப் பெட்டியைத்தான் பார்ப்பார். அங்கே யார் இருந்தாலும், "எந் தங்கச்சி கண்டுபுடிச்ச நத்தைங்க" என்று காட்டுவார். "அண்ணந்தான் சுத்தம் பண்ணிக் குடுத்தாங்க" என்பாள் அத்தை. அதில் தூசி படிந்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

போன வருஷம் அப்பா இறந்துபோனார். காரியமெல்லாம் முடிந்து அத்தையைப் பார்க்க அரூருக்குப் போயிருந்தேன். பேச்சு ஓடாமல், பெட்டியைக் காட்டி, "இதுக்குப் பேரு என்னாங்க அத்தை?" என்று கேட்டேன்.

"பேரு இல்ல பாப்பா. உள்ள இருந்தாத்தான பேரு வெக்க முடியும்? புளியில போட்டதுல ஓட்டோட மேல்தோலும் போயிருச்சு" என்றாள். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள். பையைப் பற்றி, பேரினத்தைப் பற்றி, கல்கத்தாவைப் பற்றி. "அண்ணன் இருக்கற மட்டும் யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்" என்றாள். அவள் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அந்தத் திங்கட்கிழமை விடிகாலை எனக்கு ஞாபகம் வந்தது. நான் தூங்கி எழுந்து கொல்லைக்குப் போனேன். அத்தை வாழைக்கடியில் குந்தி உட்கார்ந்து, இரண்டு கையாலும் சேற்றைக் கிளறிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் காலி பாட்டில் ஒன்று. கோழிகள் அந்த இடத்தை ஏற்கெனவே சீய்த்துப் போட்டிருந்தன. எறும்புகள் சாரிசாரியாகப் போய்க்கொண்டிருந்தன. அத்தை நத்தை தேடுகிறாள் என்று நினைத்து நானும் தேடினேன். ஒரு வாழை மட்டையின் அடியில், எல்லா வீட்டுக் கொல்லையிலும் இருக்கிற சாதாரண நத்தை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. பிடுங்கி அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

"உசுரோட இருக்குதுங்க அத்தை!"

அது கொம்பை நீட்டி அவள் மணிக்கட்டில் ஊர ஆரம்பித்தது. அத்தை அதைப் பார்த்தாள். சேற்றுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். "அப்பாகிட்ட சொல்லாத பாப்பா" என்றாள்.

ஒரே ஒரு நத்தை கிடைத்ததற்காகவா இப்படி அழுகிறாள் என்று எனக்குப் பாவமாக இருந்தது. "அழாதீங்க அத்தை, இன்னொண்ணு புடிச்சுத் தரேன்" என்று சொல்லிவிட்டு, அப்பா எழுந்திருப்பதற்குள் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று வாழைகளுக்கு நடுவே ஓடினேன்.