பெல்மொன்ட்டில் துக்கம் விசாரித்த காலை

கரீபியன் என்றால் கனடாவில் இருக்கும் நம்மவர்களுக்கு, ஹோட்டல்காரர் தரும் வளையத்தைக் கையில் மாட்டிக்கொண்டு, ஹோட்டலுக்குள்ளேயே ஏழு நாள் சாப்பிட்டுத் திரும்புவதுதான். நானும் இரண்டு தரம் அப்படிப் போய் வந்தவள், குறை சொல்லவில்லை. ஆனால் போன மார்ச்சில் நானும் என் கணவர் சிவாவும் ட்ரினிடாட்டின் தலைநகரான போர்ட் ஒஃப் ஸ்பெயினுக்குப் போனதற்குக் காரணம் மார்லின்.

ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் எட்டு வருடமாக என்னோடு வேலை செய்பவள் மார்லின். போர்ட் ஒஃப் ஸ்பெயினின் பழைய குடியிருப்பான பெல்மொன்ட்டில் பிறந்தவள். சாப்பாட்டு நேரமெல்லாம் அந்த ஊரின் புகழ்தான். நாலு வருடத்துக்கு முன் அவளுடைய அம்மா இறந்தபோது, கனடாக் குடிவரவுப் பேப்பர்கள் சரிவராததால் போக முடியவில்லை. "சாக்குச் சொல்லாதே" என்று போனை வைத்த அண்ணன் ரோலண்ட், அதன் பிறகு எடுக்கவேயில்லை. இப்போது பேப்பர்கள் கையில் இருக்கின்றன, போகத்தான் அவளுக்குத் துணிவில்லை. நான் டிக்கெட் எடுத்ததும் முகவரி எழுதித் தந்தாள். வீதியில் நின்று வீட்டைப் பார்த்தால் போதும், கதவைத் தட்டாதே என்றாள்.

பியர்சன் விமான நிலையத்திலிருந்து நேரடி விமானம், ஐந்தரை மணி நேரம். போய்வர ஒருவருக்கு 612 டொலர். கனடியப் பாஸ்போர்ட்டுக்கு விசா தேவையில்லை. அங்கே இறங்கினால் நகருக்கு 27 கிலோமீட்டர், டாக்ஸிக்கு 35 அமெரிக்க டொலர் கொடுத்தோம். ஒரு கனடிய டொலருக்கு அவர்களின் காசில் ஐந்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைக்கும்.

மறுநாள் காலை ஏழரைக்குத் தெருவோரத்தில் டபிள்ஸ் சாப்பிட்டோம். மெத்தென்ற இரண்டு பொரித்த ரொட்டிக்கு நடுவே கடலைக் கறி, ஒன்று ஆறு ட்ரினிடாட் டொலர். டயட்டில் இருக்கும் சிவா நாலு சாப்பிட்டார். பிறகு பெல்மொன்ட்டுக்குப் பங்கு டாக்ஸி, ஆளுக்கு அதே ஆறு ட்ரினிடாட் டொலர். நான் வீட்டு இலக்கத்தைச் சொன்னதும் டிரைவர் சிரித்தார். இங்கே இலக்கம் உதவாது, ஆளின் பெயரைச் சொல்லுங்கள் என்றார். ரோலண்டின் பெயரைச் சொன்னோம். ஒரு சந்து வாசலில் இறக்கி, மூன்றாவது வீடு, பச்சை நிறம் என்று கை காட்டினார்.

அடிமை வாழ்விலிருந்து விடுதலையான ஆப்பிரிக்க மக்கள் குடியேறி உருவாக்கிய பகுதி இது. சந்துகள் வளைந்து வளைந்து போகின்றன, ஒரு கார் நுழைந்தால் நாம் சுவரோடு ஒட்டவேண்டும். மர வீடுகளின் கூரை விளிம்பெல்லாம் லேஸ் பின்னியதுபோல மரவேலைப்பாடு. சிலவற்றில் அது பாதி உதிர்ந்திருக்கிறது. சில வீடுகள் இருந்த இடத்தில் இப்போது கார் நிற்கிறது. ஒரு வீட்டுக் கதவு வழியாகக் கார்னிவல் திருவிழாவுக்குக் கட்டிய இறகுகள் குவிந்து கிடப்பது தெரிந்தது.

பச்சை வீட்டு வாசலில் நின்றேன். கேற்றில் கை வைத்தேன்.

"உமக்கு விசரே? தட்டவேண்டாமெண்டு அவ சொன்னவ எல்லே?" என்றார் சிவா.

"கேற்றடி மட்டும் வந்திட்டு உள்ளுக்குப் போகாமல் திரும்பினால் நாங்கள் என்ன மனிசர்? வாங்கோ."

திறந்தவர் அறுபது வயதுக்காரர், மார்லினின் அதே நெற்றி. அவளுடைய பெயரைச் சொன்னதும் முகம் இறுகியது. வேவு பார்க்க அனுப்பினாளா என்றார். இல்லை, தட்டக்கூடாது என்றுதான் சொன்னாள், நான்தான் சொல் கேளாதவள் என்றேன். வேண்டா வெறுப்பாக உட்காரச் சொன்னார். சுவரில் அம்மாவின் படம். கொண்டுபோன மேப்பிள் பிஸ்கட் டின்னை நாற்காலிக்குக் கீழே தள்ளிவிட்டேன். துக்கம் கேட்கப் போன இடத்தில் இனிப்பை நீட்டுவார்களா?

நமக்குத் தெரிந்ததைத்தானே நாம் செய்வோம்? அம்மாவுக்கு என்ன நடந்தது, கடைசியாக என்ன சாப்பிட்டார், யாரைக் கேட்டார் என்று விசாரித்தேன். சண்டைக் காலத்தில் என் அப்பா யாழ்ப்பாணத்தில் இறந்தபோது நானும் போகவில்லை. எட்டு வருடம் கழித்துப் போய் அம்மாவிடம் இப்படித்தான் கேட்டேன்.

ரோலண்ட் திரும்பி அம்மாவின் படத்தைப் பார்த்தார். பிறகு பேசத் தொடங்கியவர் ஒரு மணி நேரம் நிறுத்தவில்லை. கடைசி மாலை அவித்த ஈரப்பலாக்காய் இரண்டு கரண்டி சாப்பிட்டாராம். மார்லின் இருக்கும் இடத்தில் பனி கொட்டுகிறதா என்று தினமும் கேட்பாராம். "இல்லை அம்மா, இன்று அங்கே நல்ல வெயில்" என்று இவர் தினமும் பொய் சொல்வாராம். அதைச் சொல்லும்போது அழுதார். நானும் அழுதேன், சொல்ல என்ன வெட்கம்.

முடிந்ததும் எழும்பி, ஒன்றும் சொல்லாமல் இறங்கி நடந்தோம். பத்தடி போகவில்லை, பின்னாலேயே ஓடி வந்தார். ஏதும் பிழையாகச் சொல்லிவிட்டேனா என்று பதறினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. துக்க வீட்டில் நாங்கள் போய் வருகிறோம் என்று சொல்லி விடைபெறுவதில்லை, அது எங்கள் வழக்கம் என்றேன்.

"நாலு வருஷம் ஆகிவிட்டதே?"

"நாங்கள் இன்றைக்குத்தானே விசாரிக்க வந்தோம்."

அவர் அந்தச் சந்தின் நடுவிலேயே நின்றார். "அப்படியென்றால், மார்லின் வந்து கேட்கும்வரை இது துக்க வீடுதான்" என்றார். பிறகு அவளுடைய புதுப் போன் எண்ணை அவராகவே கேட்டு வாங்கினார்.

போக நினைப்பவர்களுக்கு: ஜனவரியிலிருந்து மே வரை மழை குறைவு. கார்னிவல் வாரத்தில் அறை வாடகை கையைக் கடிக்கும். பெல்மொன்ட்டுக்குக் காலையில் போய், மாலை நாலுக்குள் திரும்புங்கள். மேடும் பள்ளமுமான வழி, சாதாரணச் செருப்பு சரிவராது. வீடுகளைப் படமெடுக்குமுன் வாசலில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அங்கே ஆட்கள் இன்னமும் குடியிருக்கிறார்கள்.

திரும்பி வந்த மறு வாரம், அண்ணன் போனில் என்ன பேசினார் என்று மார்லின் எனக்குச் சொல்லவில்லை, நானும் துருவவில்லை. ஒரு வயதானவரின் படுக்கையை இருவரும் இரண்டு பக்கம் நின்று விரித்துக்கொண்டிருந்தோம். தலை நிமிராமலே, மே மாதத்தில் தன்னுடைய மூன்று ஷிஃப்டைத் தனக்குப் பதிலாக நான் எடுப்பேனா என்று கேட்டாள். ஐந்து எடுத்திருக்கிறேன்.